டிஜிட்டல் சந்தைப்படுத்தல் பட்டம்: படிப்புக்குள் பணி அனுபவம் என்ற வாக்குறுதியின் மதிப்பு என்ன?

புது தில்லி: மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் ஒரு பருவம் முதல் மூன்று பருவங்கள் வரை ஒரு நிறுவனத்தில் தொழிற்பழகுநராகப் பணியாற்றலாம். நான்காண்டுப் படிப்பாயின் இரண்டு முதல் நான்கு பருவங்கள் வரை. அக்காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும்; செய்யும் பணி பட்டத்திற்கான மதிப்பீட்டுப் புள்ளிகளாகவும் கணக்கில் சேரும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தொழிற்பழகுநர் பயிற்சியுடன் இணைந்த பட்டப்படிப்பு' வழிகாட்டு நெறிமுறைகளின் சாரம் இதுதான்.

இந்த ஏற்பாட்டை ஆர்வத்துடன் விளம்பரப்படுத்தும் துறைகளுள் ஒன்று டிஜிட்டல் சந்தைப்படுத்தல். பிபிஏ, பிகாம், பிவோக் எனப் பல பெயர்களில் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. கனடாவிலோ இதே ஏற்பாடு 'கோ-ஆப்' என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. இந்திய மாணவர்களை அந்நாட்டுக்கு ஈர்த்த சொற்களில் அதுவும் ஒன்று. இன்று கனடாவின் கதவு பாதி மூடப்பட்டிருக்கிறது. உள்நாட்டின் கதவு பாதி திறந்திருக்கிறது. இடையில் நிற்கும் குடும்பங்கள் எதை நம்பிப் பணம் கட்டுவது என்பதே கேள்வி.

'கோ-ஆப்' என்றால் என்ன?

இச்சொல்லைத் தமிழாக்கும்போது 'கூட்டுறவு' என்று எழுதினால் வாசகருக்குக் கூட்டுறவு வங்கியும் பால் சங்கமும்தான் நினைவுக்கு வரும். கல்வியில் இதன் பொருள் வேறு. ஒரு பருவம் வகுப்பறை, அடுத்த பருவம் ஊதியத்துடன் கூடிய பணி, மீண்டும் வகுப்பறை என்று மாறி மாறி நடக்கும் படிப்பு அது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906-ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தோன்றியபோதே இம்முறையை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

வேனிற்கால விடுமுறையில் செய்யும் ஒரு மாத 'இன்டர்ன்ஷிப்' வேறு, இது வேறு. இன்டர்ன்ஷிப் படிப்புக்கு வெளியே நிற்பது. பெரும்பாலும் மாணவரே தேடிக்கொள்வது. ஊதியம் இல்லாமலும் இருக்கலாம். கோ-ஆப் என்பது படிப்பின் உறுப்பு. பணியிடத்தைக் கல்வி நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும், மேற்பார்வையிட வேண்டும், மதிப்பிட வேண்டும். இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பிலானியில் உள்ள பிட்ஸ் கல்வி நிறுவனம் 1970-களிலிருந்தே 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற பெயரில் ஏறத்தாழ அரையாண்டு காலத் தொழிலகப் பயிற்சியைப் படிப்பின் பகுதியாக நடத்தி வருகிறது. ஆனால் அது பொறியியல் மாணவர்களுக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கும் கிட்டிய வசதியாகவே நின்றுவிட்டது. கலை, வணிகவியல் கல்லூரிகளின் பெருந்திரளான மாணவர்களை அது எட்டவில்லை.

கனடாவில் ஒரு சொல் தீர்மானிக்கும் எதிர்காலம்

கனடா அரசு 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அனுமதி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டுக்கு ஏறத்தாழ 3,60,000 அனுமதிகள் என்று அறிவிக்கப்பட்டது. இது முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. இந்திய மாணவர்கள் பெரிதும் பயன்படுத்திய விரைவு விண்ணப்ப முறை 2024 நவம்பர் 8 அன்று நிறுத்தப்பட்டது. 10,000 கனடிய டாலராக இருந்த வாழ்க்கைச் செலவுக்கான நிதிச் சான்று, 2024 தொடக்கத்தில் 20,635 டாலராகவும், 2025 செப்டம்பரில் 22,895 டாலராகவும் உயர்ந்தது. இன்றைய மதிப்பில் அது 14 லட்சம் ரூபாய்க்கும் மேல். கல்விக் கட்டணம் இதில் சேராது. 2025 ஆகஸ்டில் இந்தியர்களின் கல்வி அனுமதி விண்ணப்பங்களில் ஏறத்தாழ 74 சதவீதம் நிராகரிக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் அது 32 சதவீதமாக இருந்தது.

டிஜிட்டல் சந்தைப்படுத்தல் படிக்க விரும்புவோர் இந்த எண்களைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. படிப்பு முடித்தபின் கனடாவில் தங்கிப் பணியாற்றுவதற்கான அனுமதிக்கு, 2024 நவம்பர் 1 முதல் கல்வி அனுமதி கோருவோரிடம் 'படிப்புத் துறை' என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. வேளாண்மை, மருத்துவச் சேவை, அறிவியல்-தொழில்நுட்பம், கைவினைத் தொழில்கள், போக்குவரத்து ஆகியவை முதற்பட்டியலில் இடம்பெற்றன. வணிகம், சந்தைப்படுத்தல் சார்ந்த டிப்ளமோ படிப்புகளுக்குப் பொதுவாக அப்பட்டியலில் இடமில்லை. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் பெறுவோருக்கு இந்நிபந்தனை பொருந்தாது.

அதாவது, டிஜிட்டல் சந்தைப்படுத்தலை ஒரு கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமோவாகப் படிப்பவரும், நான்காண்டு இளங்கலைப் பட்டமாகப் படிப்பவரும் ஒரே பாடத்தைப் படிக்கலாம், ஒரே நிறுவனத்தில் கோ-ஆப் பணியும் செய்யலாம். ஆனால் படிப்பு முடிந்த பின்னர் ஒருவர் தங்கிப் பணியாற்ற இயலும். மற்றவர் விமானம் ஏற வேண்டும். சான்றிதழில் 'பட்டம்' என்ற ஒரு சொல் இருக்கிறதா என்பதே வேறுபாடு. பஞ்சாபிலும் குஜராத்திலும் வீதிக்கு வீதி இயங்கும் ஆலோசனை மையங்களின் பதாகைகளில் 'கோ-ஆப்' என்பது பெரிய எழுத்தில் தெரியும். அது டிப்ளமோவா, பட்டமா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஜலந்தர் முகவர் ஒருவர் வழங்கிய போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தும் ஆணையை எதிர்கொண்டது 2023-இல்தான். இவ்வளவு விரைவில் மறக்கத்தக்க நிகழ்வு அன்று அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முழுநேர மாணவராக இருந்துகொண்டு செய்யும் பணி, கோ-ஆப் பணி உட்பட, நிரந்தர வசிப்புரிமைக்கான 'கனடிய அனுபவ' வகைப்பாட்டில் அனுபவமாகக் கணக்கிடப்படுவதில்லை. பணி தேடுகையில் தற்குறிப்பில் அது மதிப்புள்ள வரி. குடியேற்ற அதிகாரியின் கணக்கிலோ அது சுழியம். இரண்டையும் ஒன்றாகக் காட்டி விற்கும் விளம்பரங்களே ஏமாற்றத்தின் தொடக்கம்.

உள்நாட்டில் என்ன கிடைக்கும்?

இந்திய ஏற்பாட்டின் வலிமை சட்டத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்கு அடித்தளம். பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி, பட்டப்படிப்பு நிலையில் உள்ள பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அப்பங்கு நேரடியாகப் பயிற்சி பெறுவோரின் வங்கிக் கணக்கில் சேரும் முறை 2024-இல் தொடங்கப்பட்டது. உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தி, 5,000 - 9,000 ரூபாய் என்றிருப்பதை 6,800 - 12,300 ரூபாயாக்கலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது.

திட்டம் புதியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 150 உயர்கல்வி நிறுவனங்கள் 2021 மார்ச் மாதத்திற்குள் இத்தகைய படிப்புகளைத் தொடங்கும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2020-21 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார். அதே ஆண்டு யுஜிசி முதல் வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. பெருந்தொற்று குறுக்கிட்டது. ஐந்தாண்டுகள் கழித்து விதிகளை மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

இதனை 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துடன் பலரும் குழப்பிக்கொள்கின்றனர். அது 21 முதல் 24 வயதுக்குட்பட்ட, முழுநேரப் படிப்பில் இல்லாத இளைஞர்களுக்கானது. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்போர் அதில் சேர இயலாது. ஆயினும் அதன் முதற்கட்ட அனுபவத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 82,000-க்கும் அதிகமானோருக்கு வாய்ப்பு வழங்கப்பட்டும் பத்தாயிரத்திற்கும் குறைவானோரே பணியில் சேர்ந்தனர். பணியிடத்தின் தொலைவும் பன்னிரண்டு மாதக் காலமும் காரணங்களாகக் கூறப்பட்டன. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு பெங்களூருவில் 9,000 ரூபாய் உதவித்தொகையுடன் ஓர் இடம் கிடைத்தால், விடுதி வாடகைக்கே அது போதுமா என்பது ஏட்டுக் கேள்வி அன்று. வழிகாட்டு நெறிமுறைகள் விடைகூறாத இடமும் அதுவே.

சிறு நிறுவனங்கள் என்ற சிக்கல்

டிஜிட்டல் சந்தைப்படுத்தலுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று இங்கு எழுகிறது. தொழிற்பழகுநர் விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களே பழகுநர்களைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு அது விருப்பம் மட்டுமே.

இருநூறு பேர் பணியாற்றும் நிறுவனம் குறைந்தது ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். ஆனால் இத்துறையில் அத்தகைய நிறுவனங்கள் எத்தனை? இந்தூரிலோ சூரத்திலோ கோவையிலோ ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டு அறைகளில் பத்துப் பன்னிரண்டு பேருடன் இயங்கும் விளம்பர முகமைகளே இத்தொழிலின் பெரும்பகுதி. ஒரு நகைக்கடை, ஒரு பல் மருத்துவமனை, இரண்டு பயிற்சி மையங்கள் ஆகியவற்றின் சமூக ஊடகக் கணக்குகளைக் கவனிப்பதே அவற்றின் பிழைப்பு. கட்டாயம் இல்லாத இடத்தில், பதிவுசெய்து, ஒப்பந்தம் எழுதி, மாதம் 9,000 ரூபாய் வழங்கிப் பழகுநரை அவர்கள் ஏன் சேர்க்க வேண்டும், வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி அனுப்பினால் சான்றிதழுக்காக மூன்று மாதம் ஊதியமின்றிப் பணியாற்ற மாணவர்கள் முன்வரும்போது?

தளவாடம், சில்லறை வணிகம் ஆகிய துறைகளில் இத்தகைய பட்டப்படிப்புகள் ஓரளவு வேரூன்றியதற்குக் காரணம், அங்கு பெருநிறுவனங்களும் துறைசார் திறன் மன்றங்களும் சேர்க்கை நிலையிலிருந்தே உடன் நின்றதுதான். டிஜிட்டல் சந்தைப்படுத்தலில் வேலை சிதறிக் கிடக்கிறது. ஆகவே கல்லூரியே இருபது சிறு முகமைகளைத் திரட்டி, பழகுநர்களைப் பகிர்ந்தளித்து, பதிவு வேலைகளையும் தானே செய்தால் மட்டுமே இது நடக்கும். ஒரு பேராசிரியரின் மேசையில் கூடுதல் பொறுப்பாக வைத்துவிடும் வேலை அன்று இது. தனி அலுவலகம் வேண்டும். வாட்டர்லூவில் கோ-ஆப் பணிக்கென மாணவர்களிடம் தனிக் கட்டணம் பெறப்படுவது இத்தகைய அலுவலகத்தை நடத்துவதற்காகவே.

கருவி மாறும், விதியும் மாறும்

வகுப்பறை மட்டும் போதாதா என்று கேட்கலாம். இப்பாடத்தைப் பொறுத்தவரை போதாது. கூகுளின் பழைய 'யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்' 2023 ஜூலை 1 அன்று தரவுகளைப் பெறுவதை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு அச்சிட்ட பாடநூலின் ஓர் அத்தியாயம் ஒரே நாளில் பயனற்றதாயிற்று. மூன்றாம் தரப்பு 'குக்கீ'களைக் குரோம் உலாவியிலிருந்து நீக்கப் போவதாக கூகுள் 2020-இல் அறிவித்தது, தள்ளிவைத்தது, மீண்டும் தள்ளிவைத்தது, 2024-இல் அத்திட்டத்தையே கைவிட்டது. நான்காண்டுகளாக 'குக்கீ இல்லா உலகம்' என்று பாடம் நடத்தியோர் வராத விருந்தினருக்குப் பந்தல் போட்டவர்களானார்கள்.

சட்டமும் இவ்வாறே. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த டிரீம்11 நிறுவனம் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அத்துறையின் விளம்பரங்களை நம்பியிருந்த முகமைகளுக்கு வருவாயின் ஒரு கிளை சில நாள்களில் முறிந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முதன்மையான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடைசெய்கிறது; விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இன்று முதலாண்டில் சேரும் மாணவர் பட்டம் பெறும் நாளில், இது தேர்வில் எழுதும் விடையாக இராது. வேலையில் முதல் நாள் கேட்கப்படும் கேள்வியாக இருக்கும்.

கருவிகளைக் கற்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதும் உண்மை. கூகுளின் 'ஸ்கில்ஷாப்', ஹப்ஸ்பாட் போன்ற தளங்கள் சான்றிதழ்களை இலவசமாகவே வழங்குகின்றன. லட்சக்கணக்கில் கட்டணம் பெறும் பட்டப்படிப்பு அவற்றையே திருப்பிச் சொல்லுமாயின் அது வீண். புள்ளியியல், நுகர்வோர் மனப்போக்கு, சட்டம், மொழி ஆகியன பட்டப்படிப்பு தர வேண்டியவை. மொழியை இங்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதி, இயந்திரத்தில் மொழிபெயர்த்து, சரிபார்க்காமல் வெளியிடப்படும் இந்தி, தமிழ், மராத்தி விளம்பரங்களை நாள்தோறும் காண்கிறோம். பொருளை விற்க வந்த வாக்கியம் வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்புகிறது. அவற்றைத் திருத்தத் தெரிந்த ஒருவருக்கு இத்துறையில் இடம் உண்டு.

பணிக்காலத்தின் பயன் வேறொன்றில் இருக்கிறது: பிறருடைய பணத்தைச் செலவழிக்கும் பொறுப்பு. நாளொன்றுக்கு 2,000 ரூபாய் விளம்பரச் செலவு, அதில் எத்தனை பேர் கடைக்குத் தொலைபேசி செய்தனர், செலவை நாளை கூட்டுவதா, நிறுத்துவதா? இந்த முடிவை மேற்பார்வையாளர் ஒருவரின் துணையுடன் ஆறு மாதம் எடுத்துப் பழகியவருக்கும், மாதிரிக் கணக்கில் பயிற்சி செய்தவருக்கும் உள்ள தொலைவு பெரிது. விளம்பரக் கணக்கில் நுழையும் அனுமதியே தராமல், பதிவுகளுக்கு எத்தனை விருப்பக்குறி வந்தது என்று எண்ண வைக்கும் நிறுவனத்தில் மூன்று பருவங்கள் கழித்தாலும் கையில் ஒன்றும் தங்காது.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. இந்தியாவில் விளம்பரச் செலவு உச்சம் தொடுவது விநாயகர் சதுர்த்தி முதல் தீபாவளி வரையிலான வாரங்களில். அதற்கடுத்த அலை ஐபிஎல் காலத்தில். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பருவத்தைப் பணிக்கு ஒதுக்கும் கல்லூரி மாணவர்களைச் சந்தையின் நடுவே நிறுத்துகிறது. ஆனால் பல கல்லூரிகள் வசதி கருதி இறுதிப் பருவத்தை மட்டும் ஒதுக்குகின்றன. அங்கு கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து விவாதிக்க அதன்பின் பருவமே மிஞ்சுவதில்லை. மாறி மாறிப் படிப்பது என்ற கோ-ஆப் கருத்தின் உயிர்நாடி அங்கேயே அறுந்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவின் நிழல்

இத்துறை வளரவில்லை என்று யாரும் கூற இயலாது. 2024-இல் இந்திய ஊடக, பொழுதுபோக்குத் துறையின் வருவாயில் டிஜிட்டல் ஊடகம் 32 சதவீதப் பங்குடன் முதன்முறையாகத் தொலைக்காட்சியை முந்தியது என ஃபிக்கி-இஒய் அறிக்கை தெரிவித்தது. ஆனால் வருவாய் வளர்வதும் தொடக்கநிலைப் பணியிடங்கள் வளர்வதும் ஒன்றல்ல. விளம்பரத்தை எங்கு, எவருக்கு, என்ன விலையில் காட்டுவது என்பதை இயந்திரமே முடிவுசெய்யும் 'பெர்ஃபாமன்ஸ் மேக்ஸ்' முறையை கூகுள் 2021-இல் அறிமுகப்படுத்தியது. தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் இந்தியாவில் 2024 ஆகஸ்ட் முதல் தோன்றுகிறது. இணையதளத்துக்குள் வராமலேயே வாசகர் விடை பெற்றுச் செல்கிறார். பத்து வரி விளம்பர வாசகம் எழுதுவது, குறிச்சொற்களைத் திரட்டுவது போன்ற பழகுநருக்கென ஒதுக்கப்பட்ட எளிய வேலைகளே முதலில் இயந்திரத்திடம் சென்றன.

இதில் ஒரு முரண் உள்ளது. எளிய வேலைகள் மறைவதால், பணி அனுபவம் உள்ளவரையே நிறுவனங்கள் தேடுகின்றன. அதே காரணத்தால் அனுபவம் தருவதற்கான வேலையும் அவற்றிடம் குறைகிறது. சட்டப்படியான பழகுநர் இடங்கள் இல்லாவிடில் இம்முடிச்சு தானாக அவிழும் என்று தோன்றவில்லை.

சேர்வதற்கு முன்

பிபிஏ, பிசிஏ படிப்புகள் 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) வரம்புக்குள் வந்துள்ளன. எனவே பிபிஏ டிஜிட்டல் சந்தைப்படுத்தல் என்றால் அக்குழுவின் ஒப்புதல் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்துக் கேட்க வேண்டியது, பணிக்காலம் தொழிற்பழகுநர் ஒப்பந்தமாகப் பதிவாகுமா, அல்லது வெறும் இன்டர்ன்ஷிப் சான்றிதழா என்பது. முன்னதில் உதவித்தொகை சட்டத்தால் உறுதி. பின்னதில் எதுவும் உறுதியில்லை.

'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்ற வாசகத்தைக் கண்டால் ஒன்றை நினைவில் கொள்வது நலம். பயிற்சி முடித்த பழகுநருக்கு வேலை வழங்கியே ஆக வேண்டும் என்று தொழிற்பழகுநர் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பயிற்சிக் காலத்தில் அவர் பயிற்சியாளரே தவிர, தொழிலாளர் சட்டங்களின்படி தொழிலாளரும் அல்லர். சட்டம் தராத உத்தரவாதத்தைக் கல்லூரியின் விளம்பரம் தருமானால், அது எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் எழுதப்பட்டுள்ளது என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வேலை உறுதி குறித்த பொய்யான வாக்குறுதிகளும் அடங்கும்.

தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் மாணவரும் நிறுவனமும் கல்லூரியும் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டும். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. மற்ற மண்டலங்களுக்கான வாரியங்கள் மும்பை, கான்பூர், கொல்கத்தாவில் உள்ளன. கல்லூரி கூறும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்க்கப் பதிவுபெற்றதா என்பதைச் சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் முன்னரே அங்கு கேட்டறியலாம்.